வண்டி நின்ற பிறகு

மார்ச் 3

அன்புள்ள அப்பா அம்மாவுக்கு,

இருவரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்ற நினைப்பில் எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். அதாவது, எனக்கு அடி எதுவும் படவில்லை. செய்தியில் பார்த்துப் பதறியிருப்பீர்கள். என் போனை விசாரணைக்கென்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். காவலர் குடியிருப்பின் பொதுத் தொலைபேசி வாசல் காவல்காரர் மேசையில் இருக்கிறது. அதில் தும்மினால்கூட நாலு பேர் நலம் விசாரிப்பார்கள். அதனால்தான் கடிதம். கோழி கிளறிய கையெழுத்துதான், சிரிக்காமல் படியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். தூறல். சோதனைச் சாவடியில் சார்ஜன்டும் நானும் மட்டும். நான் சாலை நடுவில் ‘நிறுத்து’ பலகையோடு நின்றேன். காற்று அப்படியொரு காற்று. இரண்டு கையாலும் கட்டிப் பிடிக்காவிட்டால் பலகையோடு நானும் பறந்திருப்பேன். ஒரு சின்ன வெள்ளைக் கார் நிற்பதுபோல் வந்தது, நிற்காமல் முதல் தடுப்பை இடித்துத் தள்ளிக்கொண்டு என் பக்கம் வந்தது. பிறகு ஓர் உதறு உதறியது பாருங்கள், அந்தப் பயத்திலும் எனக்கு நம் ஓட்டுநர் பள்ளியின் பயிற்சி வண்டிதான் ஞாபகம் வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதக் கூடாதென்று சொல்லியிருக்கிறார்கள். காரை ஓட்டியவர் இறந்துவிட்டார். மருந்துக்கடையில் வேலை பார்த்தவராம். என்னைவிடச் சின்னவர்.

சாப்பிடுகிறேன். தூக்கம்தான் தகராறு செய்கிறது. இப்போதைக்கு இங்கே வர வேண்டாம்.

உங்கள்
சில்வண்டு

*

மார்ச் 8

அன்புள்ள சில்வண்டுக்கு,

அப்பா அம்மாவின் ஆசிகள். நாங்கள் நலம். உன் கடிதம் வந்து சேரும்வரை நலமாக இல்லை. அம்மாவின் முழங்கால் உன் செய்தி வந்த நாளிலிருந்து வலிப்பதை மறந்துவிட்டது. அதற்கும் நம் வீட்டில் ஒரு மரியாதை தெரிந்திருக்கிறது.

நான் கடிதம் எழுதி எவ்வளவு காலமாயிற்று தெரியுமா? கல்யாணத்துக்கு முன் உன் அம்மாவுக்கு ஒன்று எழுதினேன். அதிலிருந்த பிழைகளைத் திருத்தித் திருப்பி அனுப்பினாள். பத்தாம் வகுப்பை இரண்டு தவணையில் கட்டி முடித்தவனிடம் வேறென்ன எதிர்பார்த்தாளோ.

ஓட்டுநர் பள்ளி வழக்கம்போல் ஓடுகிறது. ஒரு பல் மருத்துவர் சேர்ந்திருக்கிறார். ஊரார் வாயைத் திறக்கச் சொல்பவர், ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் தன் வாயைத் திறந்தவர் மூடுவதில்லை. இன்னொருவர் வக்கீலம்மா. கியர் மாற்றும்போது பெட்டிக்குள்ளிருந்து வரும் சத்தம், இயந்திரம் ஆட்சேபம் தெரிவிப்பதுபோல இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காரை ஓட்டியவரை யாரம்மா சுட்டது? செய்தியில் ‘காவலர்’ என்று மட்டும் சொன்னார்கள். எழுதக் கூடாதென்றால் எழுதாதே. ஆனால் எழுது.

வீட்டில் பசை தீர்ந்துவிட்டது. இந்த உறையைப் பஞ்சர் பசையால் ஒட்டியிருக்கிறேன். கிழிக்காமல் திறக்க முடியாது, சொல்லிவிட்டேன்.

உன் அன்பு
அப்பா

*

ஏப்ரல் 2

மதிப்பிற்குரிய தந்தையாருக்கு,

தாங்களும் தாயாரும் நலமென நம்புகிறேன். நான் நலமாக உள்ளேன்.

தாங்கள் கேட்டிருந்தது தொடர்பாக: மேற்படி வாகனம் எச்சரிக்கையை மதிக்காமல் அதிவேகமாக என்னை நோக்கி வந்தது. என் உயிருக்கு உடனடி ஆபத்து ஏற்பட்டதாலும், ஆபத்தைத் தவிர்க்க வேறு வழி எதுவும் இல்லாததாலும், நான் தற்காப்புக்காகச் சுட நேர்ந்தது. இது குறித்து என் வாக்குமூலத்தைக் கொடுத்துவிட்டேன். சார்ஜன்ட் மிகவும் உறுதுணையாக இருக்கிறார். விசாரணை முடியும்வரை எனக்குச் சாலைப் பணி இல்லை.

தாங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை.

தங்கள் அன்பு மகள்

*

ஏப்ரல் 7

அன்புள்ள சில்வண்டுக்கு,

ஆசிகள். நாங்கள் நலம். உன் கடிதம் கிடைத்தது. உன் கடிதம்தானா என்று கையெழுத்தைச் சரிபார்த்தேன். கோழி உன்னுடையதுதான். கிளறியது யாரென்றுதான் தெரியவில்லை.

‘மேற்படி வாகனம்’ என்கிறாய். நீ பேசத் தொடங்கியதிலிருந்து வாய் ஓயாததால்தானே உனக்கு இந்தப் பட்டப்பெயரே வந்தது? ஒரு பூனை குறுக்கே போனால் அது என்ன நிறம், எந்தக் காதில் கடிபட்டிருந்தது என்று சாப்பாடு ஆறும்வரை சொல்கிறவள் நீ. ஒரு மனிதர் இறந்ததை நாலே வரியில் முடித்துவிட்டாய். அதில் ஒரு வரிகூட உன் வாயிலிருந்து வந்ததுபோல் இல்லை.

வக்கீலம்மாவிடம் வண்டி ஓட்டும்போதே கேட்டேன். உன் பெயரைச் சொல்லவில்லை.

“போலீஸ் சுடலாம் சார். ஆனா நெனச்சப்ப எல்லாம் சுட முடியாது. ஆபத்துன்னா அது அந்த நிமிஷமே தலைக்கு மேல நிக்கணும். கொஞ்சம் முன்னாடி இருந்துச்சுன்னு சொல்லிட்டு இப்ப சுடக் கூடாது.”

“ரொம்பப் பயந்துட்டாங்கன்னா?”

“பயம் மட்டும் போதாது. நிதானமான ஒரு ஆள் அதே எடத்துல நின்னிருந்தா அவரும் அப்படித்தான் பயந்திருப்பாரான்னு பார்ப்பாங்க. ஒதுங்கியிருக்கலாமே, வேற எதுவும் செஞ்சிருக்கலாமேன்னு கேப்பாங்க.”

“வண்டி நிக்காமலே ஓடிப் போயிருந்தா?”

“நம்பரை எழுதிக்கிட்டு விட்டுடணும். நிக்காம போனதுக்கு அபராதம் போடலாம். உயிரையா எடுப்பாங்க?”

இதைச் சொல்லிக்கொண்டே சிவப்பு விளக்கைத் தாண்டிவிட்டார். கற்றுக்கொடுப்பவனுக்கென்று என் காலடியிலும் இருக்கும் பிரேக்கை மிதித்தேன். சட்டம், ஒரு போக்குவரத்துக் காவலர் உருவில், இரண்டு பேரையும் முறைத்துவிட்டுப் போனது.

இப்போது என் மண்டையில் ஒன்று உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. முதல் கடிதத்தில் வண்டி உதறியது என்று எழுதியிருந்தாய். நம் வண்டிக்குள்ளேயே வளர்ந்தவள் நீ. அது எதனுடைய உதறல் என்று உனக்குத் தெரியும். கிளட்சை மிதிக்காமல் பிரேக்கை மிதித்தால் உதறும், உதறினால் எஞ்சின் அணைந்து வண்டி நின்றுவிடும். அப்படியானால் ‘அதிவேகமாக’ எங்கிருந்து வந்தது?

ஒன்றே ஒன்று சொல்லு. சுட்டது வண்டி நிற்பதற்கு முன்பா, நின்ற பிறகா?

பயத்தில் கை தவறியிருந்தால் அப்பாவிடம் சொல்வதில் வெட்கம் வேண்டாம். பயத்தைப் பற்றி எனக்குச் சொல்லித்தர ஆளில்லை. தினமும் சம்பளம் வாங்கிக்கொண்டு பயப்படுகிறவன் நான்.

உன் அன்பு
அப்பா

*

ஏப்ரல் 29

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அங்கும் நலம்தானே? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே கோப்பு அடுக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். மழை இல்லை. பல் மருத்துவர் எப்படி ஓட்டுகிறார்? அம்மா கண்ணாடி மாற்றிக்கொண்டாளா?

நீங்கள் கேட்டதற்கு வாக்குமூலத்தில் இருப்பதுதான் பதில்.

உங்கள் கடிதத்தின் உறை வெள்ளைப் பசையால் மிக அழகாக ஒட்டப்பட்டிருந்தது. நல்ல பசை வாங்கிவிட்டீர்கள் என்று தெரிந்து சந்தோஷம்.

தங்கள் மகள்

*

மே 6

அன்புள்ள சில்வண்டுக்கும், இந்தக் கடிதத்தை அவளுக்கு முன்னால் படிக்கும் முகம் தெரியாத நண்பருக்கும்,

இருவருக்கும் வணக்கம். நாங்கள் நலம். நண்பரே, உங்கள் வீட்டிலும் எல்லோரும் நலம்தானே? நான் இன்னும் பஞ்சர் பசையைத்தான் பயன்படுத்துகிறேன். திறக்கக் கொஞ்சம் சிரமமாக இருக்கும், மன்னிக்கவும்.

மகளே, அங்கே என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரியாது. அதனால் ஊர்க்கதை பேசுகிறேன். பல் மருத்துவர் சைக்கிளில் வந்த தபால்காரருக்கு எதிரே வண்டியை அணைத்துவிட்டார். ஒரு கை தூரம்தான் இடைவெளி. தபால்காரர் இறங்கி, ஜன்னல் வழியாக உள்ளே பார்த்து, “டாக்டர், பல்லு பிடுங்கறதை விட்டுட்டு உயிரைப் பிடுங்க ஆரம்பிச்சிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார். நின்றுபோன வண்டியைப் பார்த்து யாருக்கும் பயம் வருவதில்லை. சிரிப்புத்தான் வருகிறது. சும்மா சொன்னேன்.

அம்மா புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டாள். சோதித்துப் பார்க்க உன் பழைய கடிதங்களை எடுத்து வைத்துப் படித்தாள். முதல் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படியிலிருந்தே ஒரு கேள்வி கேட்டாள்.

“ஏங்க, இவ ரெண்டு கையாலயும் பலகையைக் கட்டிப் பிடிச்சிருந்தேன்னு எழுதியிருக்காளே. அப்ப துப்பாக்கி எந்தக் கையில இருந்துச்சு?”

அத்தனை முறை படித்தும் எனக்கு இது தோன்றவில்லை. எனக்கு வண்டிதான் கண்ணுக்குத் தெரிந்தது. நீ பயத்தில் சுட்டிருப்பாய் என்று நினைத்து, உன்னைச் சந்தேகப்பட்டு, மனதுக்குள் மன்னித்தும் விட்டேன். என் பெருந்தன்மையை நினைத்து ஓர் இரவு அழுதேன்கூட. இப்போது உட்கார்ந்திருக்கிறேன், என்ன நினைப்பதென்று தெரியாமல்.

கேட்டது நானில்லை, அம்மா. பதில் சொல்லாமல் இருக்க உனக்குத் தைரியம் இருந்தால் பார்த்துக்கொள்.

அன்பு
அப்பா

*

மே 20

அப்பா,

நலம் விசாரிக்க நேரமில்லை. நலமாகவே இருங்கள். இதை நிலையத்துத் தபாலில் சேர்க்கவில்லை, பேருந்து நிலையத்துப் பெட்டியில் போடப் போகிறேன்.

நான் சுடவில்லை.

அந்தச் சாவடிக்கு ஒரே துப்பாக்கிதான். அது சார்ஜன்டிடம் இருந்தது. அவர் சாலையோரம் நின்றார். கார் என்னை நோக்கி வந்தது உண்மை. ஆனால் எனக்குக் கொஞ்சம் முன்னால் உதறி அணைந்துவிட்டது. நான் அந்த ஆளின் முகத்தைப் பார்த்தேன். கை இரண்டையும் ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து மேலே தூக்கினார். அப்புறம் சிரித்தார் அப்பா. வண்டி நின்றுபோனால் உங்கள் ஆட்கள் அசடு வழிவார்களே, அதே சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்குள் ஜன்னல் கண்ணாடி உடைந்தது.

ஓட்டுநர் உரிமம் இல்லையாம். முதலாளி வண்டியில் பழகிக்கொண்டிருந்தாராம். எங்களைப் பார்த்ததும் பதறி, பிரேக்கென்று நினைத்து முதலில் ஆக்ஸிலரேட்டரை மிதித்திருக்கிறார்.

சார்ஜன்ட் நடுங்கிப்போய்விட்டார். கெட்டவர் இல்லை. என்னைக் கொல்ல வருகிறான் என்றுதான் முதலில் நினைத்திருக்கிறார். வண்டி நின்றது அவருக்கும் தெரியும், விரல் நிற்கவில்லை. அன்று மழையில் நின்றுகொண்டு அவர் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது.

“இங்க பாரும்மா. நீ வண்டிக்கு முன்னாடி நின்ன. நான் ஓரமா நின்னேன். நான் சுட்டேன்னா என் உயிருக்கு என்ன ஆபத்துன்னு கேப்பாங்க. நீ சுட்டேன்னா ஒருத்தனும் கேக்க மாட்டான். உனக்கு அது சட்டம், எனக்கு அது கொலை. உன்னைக் காப்பாத்தத்தானே சுட்டேன்?”

நான் துப்பாக்கியைக் கையில் வாங்கிக்கொண்டேன். வாக்குமூலத்தையும் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அந்த நேரத்தில் அது நன்றிக்கடன்போல இருந்தது.

ஜூன் பத்தாம் தேதி விசாரணை. எழுதியதையே சொன்னால் எனக்கு ஒன்றும் ஆகாது, அடுத்த வாரமே பணிக்குத் திரும்பலாம். மாற்றிச் சொன்னால் பொய் வாக்குமூலம் கொடுத்ததற்கு வேலை போகும், வழக்கும் வரும். அவர் கதி என்னவாகும் என்று யோசிக்கவே முடியவில்லை. அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? பத்தாம் தேதிக்குள் பதில் எழுதுங்கள். இங்கேதான் எழுத வேண்டும், வேறு முகவரி இல்லை. திறந்து பார்த்தால் பார்க்கட்டும்.

சில்வண்டு

*

மே 27

அன்புள்ள சில்வண்டுக்கு,

ஆசிகள்.

உன் கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். “உண்மையைச் சொல்லச் சொல்லி எழுதுங்க” என்றாள். சரியென்றேன். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். வேறொன்று எழுதுகிறேன்.

சொல்லாதே.

தோண்டித் தோண்டிக் கேட்டது நான்தான். கேட்கும்போது பதில் இவ்வளவு கனமாக இருக்கும் என்று தெரியவில்லை. வக்கீலம்மாவிடம் சுற்றி வளைத்து விசாரித்தேன். பொய் வாக்குமூலத்துக்குச் சிறையும் உண்டு என்று அவர் சொன்னதைக் கேட்டு வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் இறங்கி நின்றேன். காவலர் வேலைக்கு நீ ஓடிய ஓட்டம் எனக்குத் தெரியும். நான் வண்டியில் பின்னாலேயே வருவேன், நீ முன்னால் ஓடுவாய். அந்த ஓட்டமெல்லாம் ஒரு காகிதத்தில் முடிந்துபோவதை என்னால் பார்க்க முடியாது.

இறந்தவர் திரும்பி வரப்போவதில்லை. இதை எழுதும்போது எனக்கே என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். எழுதிக் கொடுத்ததையே சொல்லிவிட்டு வந்துவிடு. பாவம் ஏதும் இருந்தால் என் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

அப்பா

*

ஜூன் 18

அன்புள்ள அப்பா அம்மாவுக்கு,

நலம். உண்மையாகவே நலம், தூக்கம் வருகிறது.

பத்தாம் தேதி காலைவரை உங்கள் கடிதத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. தினமும் வாசல் மேசையில் போய்க் கேட்டேன். “உனக்கு ஒண்ணும் இல்லம்மா” என்றார்கள். முதலில் உங்கள்மேல் கோபம் வந்தது. அப்புறம் நானே ஒரு முடிவுக்கு வந்தேன். இதையெல்லாம் இவ்வளவு தூரம் கேட்டவர் ‘மாற்றிச் சொல்’ என்பதைத் தவிர வேறென்ன எழுதியிருப்பார் என்று. அதைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். பலகை என் கையில் இருந்தது, துப்பாக்கி இல்லை என்றேன். வண்டி நின்றுவிட்டது என்றேன். “நின்றதா, வேகம் குறைந்ததா?” என்று அதிகாரி மூன்று விதமாகத் திருப்பிக் கேட்டார். ஓட்டுநர் பள்ளிக்காரர் மகள் சார், எனக்கு வித்தியாசம் தெரியும் என்றேன். சார்ஜன்ட் குனிந்த தலை நிமிரவில்லை. பிறகு அவராகவே எழுந்து, “நான்தான் சுட்டேன்” என்றார். அவரைக் காவலில் எடுத்திருக்கிறார்கள். என்னைப் பணியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வழக்கும் உண்டு. வக்கீலம்மா கியர் போடக் கற்றுக்கொண்டிருந்தால் சொல்லுங்கள், அவர் தேவைப்படுவார்.

வெளியே வந்தபோது இறந்தவரின் அக்கா தூண் பக்கத்தில் நின்றிருந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். “ரொம்பப் பயந்தானா?” என்று மட்டும் கேட்டார்.

“இல்லீங்க. சிரிச்சாரு” என்றேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

உங்கள் கடிதம் பன்னிரண்டாம் தேதி கிடைத்தது. விசாரணை முடியும்வரை என் தபாலை என்னிடம் கொடுக்க வேண்டாமென்று சார்ஜன்ட் மேசைக்காரரிடம் சொல்லி வைத்திருந்தாராம், யாராவது என் மனதைக் கலைத்துவிடுவார்கள் என்று. சார்ஜன்டின் இழுப்பறையில் பூட்டிக் கிடந்திருக்கிறது. இந்த முறை யாரும் திறக்கவில்லை, பஞ்சர் பசை அப்படியே இருந்தது. ஒரே ஒரு தடவை அவர் அதைத் திறந்து பார்த்திருந்தால் ஓடி வந்து என் கையில் கொடுத்திருப்பார்.

படித்தேன். கோபமில்லை அப்பா. நீங்கள் எப்போதும்போல உங்கள் காலடியிலிருக்கும் பிரேக்கைத்தான் மிதித்தீர்கள். இந்த முறை பிரேக் கம்பி என்வரை எட்டவில்லை, அவ்வளவுதான்.

கிழிக்கவில்லை. வைத்திருக்கிறேன். இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை பேருந்து ஏறுகிறேன்.

சில்வண்டு

*

ஜூன் 22

அன்புள்ள சில்வண்டுக்கு,

ஆசிகள். இங்கே நலத்துக்குக் குறைவில்லை, மரியாதைக்குத்தான் அளவில்லாமல் போய்விட்டது. உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை மறைத்துவிட்டு மீதியைத்தான் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். நான் சொல்லித்தான் நீ உண்மையைச் சொன்னாய் என்று அவள் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். பல் மருத்துவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வக்கீலம்மா, “உங்களை மாதிரி ஒரு அப்பா…” என்று ஆரம்பித்துக் கண் கலங்கி ஒரு குப்பைத் தொட்டியை இடித்தார். நானும் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொள்கிறேன். அடக்கம் என்று நினைக்கிறார்கள்.

அம்மாவிடம் இன்று சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை அடுப்படிவரை போனேன். முதல் முறை தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இரண்டாம் முறையும் தண்ணீர்தான் குடித்தேன். நீ வந்த பிறகு நீ பக்கத்தில் இருக்கும்போது சொல்கிறேன். அந்தக் கடிதத்தைக் கொண்டு வா. உண்மையை என் வாயால் சொல்ல வரவில்லையென்றால் அதை நீட்டிவிடுகிறேன்.

அந்த அக்காவை ஒருநாள் போய்ப் பார்க்க வேண்டும். அவருடைய தம்பி பக்கத்தில் என்னைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி ஒரு பிரேக்கோடு உட்கார்ந்திருந்தால் போதுமாயிருந்தது. என்ன சொல்வதென்று தெரியவில்லை. சும்மா உட்கார்ந்துவிட்டு வருவோம்.

பேருந்து நிலையத்துக்குப் பள்ளி வண்டியோடு வருகிறேன். திரும்பும்போது நீ ஓட்டு. என் கால் பிரேக்மேல் இருக்காது என்று பொய் சொல்ல மாட்டேன். இருக்கும். மிதிக்க மாட்டேன்.

உன்
அப்பா